2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்: மாவு வியாபாரத்துக்குத் தாங்குமா?

தாங்கும். நடுநடுவே மோட்டாரை ஆறவிடும் பொறுமை இருந்தால் ஒரு நாளைக்கு 6 கிலோ மாவு வரை தாராளமாகத் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றாலும் கடைக்காரர் சொல்கிறாரே என்று உடனே டில்டிங் கிரைண்டருக்கு (பாத்திரத்தைச் சாய்த்து மாவைக் கொட்டும் பெரிய ரகம்) கடன் வாங்க வேண்டியதில்லை.

நான் இருப்பது திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன், குழந்தை பிறந்த பிறகு வீட்டோடு. எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி எட்டரைக்கு மேல்தான் வருவார்கள். அதற்கப்புறம் எந்த உளுந்தை ஊறப்போட்டு எப்போது ஆட்டுவது? பாக்கெட் மாவுதான் கதி. அதில் பாதி நாள் புளிப்பு வாடை. அவர்களுக்கு ஆட்டிக் கொடுக்கலாமே என்று தோன்றியபோது என்னிடம் இருந்தவை சீராக வந்த கிரைண்டர், ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், இரண்டு பெரிய போசி (பாத்திரம்), செல்போன். புதிதாக வாங்கியது ஒரு எலக்ட்ரானிக் தராசு மட்டும். பொங்கிய மாவைப் படியால் அளந்தால் பாதி காற்றுக்குக் காசு வாங்குகிற கணக்காகிவிடும். எடைபோட்டுக் கொடுத்தால் யாரும் வாய் திறக்க முடியாது.

சரி, கிரைண்டருக்கு வருவோம். கோவைத் தயாரிப்பு, இரண்டு உருளைக் கல், 150 வாட் மோட்டார். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுதான். மாவாட்டும் இயந்திரத்தை 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கியதாகச் சொல்வார்கள். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இதில் ஆட்டிய உளுந்து பொங்குவதற்குக் காரணம் வேகமின்மை. மிக்ஸி நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றி மாவைச் சூடாக்கிவிடும். கிரைண்டர் பாத்திரம் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்றுதான். உளுந்து சூடேறாமல், காற்றை வாங்கிக்கொண்டு மெதுவாக உப்பும். வெயில் காலத்தில் அரைக்கும் தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்து ஊற்றினால் இன்னும் நன்றாக வரும். கையில் எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும்.

2 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது பாத்திரத்தின் கொள்ளளவு. காய்ந்த அரிசி ஒரு கிலோவுக்கு மேல் ஊறப்போட்டுக் கொட்டினால் விளிம்பில் வழியும். வியாபாரத்துக்கு நான் பிடித்த முறை இது: அரை கிலோ உளுந்தை ஒரே ஈடாக ஆட்டி எடுத்துவிடுவேன், முப்பத்தைந்திலிருந்து நாற்பது நிமிடம். அப்புறம் அரிசி ஒரு கிலோ வீதம் இரண்டு ஈடு, ஒவ்வொன்றும் அரை மணிக்குள். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து கணக்கில் மொத்தம் 6 கிலோ மாவு வரும். ஈட்டுக்கு ஈடு இருபது நிமிடம் மோட்டாருக்கு ஓய்வு. மொத்தம் ஓடும் நேரத்துக்கு கால் யூனிட் மின்சாரம்கூட வராது.

ஓய்வு கொடுக்காமல் ஓட்டினால் மோட்டார் சூடேறித் தானாக நின்றுவிடும். அது பழுது இல்லை, எரியாமல் காப்பாற்றும் ஏற்பாடு. ஆறியதும் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அமுக்கினால் ஓடும். என்னுடையது வாங்கியபோது அடிக்கடி நின்றது. குனிந்து பார்த்தால் காற்றுப் போகும் துளைகள் எல்லாம் அடிப்பக்கம், நான் வைத்திருந்ததோ பிளாஸ்டிக் பாய் மேல். நான்கு காலுக்கும் டைல்ஸ் துண்டு கொடுத்துத் தூக்கிவிட்டேன், அதோடு தொல்லை விட்டது. இன்னொன்று, அரிசியை முழுக்கக் கொட்டிவிட்டு சுவிட்சைப் போடாதீர்கள். ஓடவிட்டுக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். சுவிட்ச் போட்டதும் 'ம்ம்ம்' என்று உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சின்னச் செலவுதான். புது மோட்டார் மாற்ற வேண்டும் என்று எவராவது சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். எனக்கு ஒருவர் அப்படித்தான் சொன்னார்.

மாவு விற்பவர்கள் தினமும் பார்க்க வேண்டியது உருளைக் கல்லின் நடுவில், தண்டு நுழையும் துளையில் இருக்கும் புஷ் என்ற வளையம். அது தேய்ந்தால் தண்டோரம் கறுப்பாக மை மாதிரி கசியும். நம் வீட்டுக்கு மட்டும் என்றால் வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம், காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற மாவில் அது ஒரு கோடு தெரிந்தாலும் வியாபாரம் போச்சு. கழுவும்போது வெள்ளைத் துணியால் தண்டைத் துடைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அரிசி எவ்வளவு நேரம் ஓடினாலும் ரவையாகவே நின்றால் கல் வழவழப்பாகிவிட்டது என்று அர்த்தம். கொத்துகிறவரைக் கூப்பிடுங்கள். கொத்திய கல்லில் முதல் ஈடு கல்தூளோடு வரும், அதைக் கொட்டத்தான் வேண்டும்.

இந்த ரகத்தின் பெரிய குறை வாரண்டி. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று இருக்கும். மாவு விற்கிறேன் என்று வெள்ளந்தியாகச் சொன்னதற்கு எனக்கு இலவச சர்வீஸ் கிடைக்கவில்லை. அடுத்தபடியாகக் கழுவுதல். ஆட்டும் நேரத்தைவிடக் கழுவும் நேரம் உயிரை வாங்கும். கல்லைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போய்விடும். கழுநீர் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போகிறது, அதற்கு மட்டும் கொண்டாட்டம்.

6 கிலோ போதாமல் போனது சனிக்கிழமைகளில். இங்கே வாரச் சம்பளம், சனிக்கிழமை கையில் காசு, ஞாயிறு லீவு. எல்லார் வீட்டிலும் காலையில் தோசை. அப்போதுதான் மாமியார் வீட்டுப் பரண் நினைவு வந்தது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது, பழைய கிரைண்டரே போதும் என்று பிரிக்காமல் ஏற்றிவைத்திருந்தார்கள். இறக்கித் தூசி தட்டி, பெல்ட் மட்டும் மாற்றினேன். இன்றைக்கும் சனிக்கிழமைச் சுமையில் பாதி அதன் தலையில்தான். ஒன்று ஓடும்போது இன்னொன்று ஆறுகிறது, அதனால் இரண்டு மோட்டாருக்குமே நல்லது. உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒன்று எங்காவது பரணில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள்.

இரண்டு கிரைண்டர் ஆனதும் இடித்தது ஃபிரிட்ஜ். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 12 கிலோ மாவு பொங்கிவிட்டால் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் எங்கே வைப்பது? சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும், மார்கழியில் விடிய விடியக் காத்திருக்க வேண்டும். அதனால் ஃபிரிட்ஜையே நம்பாமல் நேரத்தை நகர்த்தினேன். வெயில் காலத்தில் மத்தியானம் ஆட்டி, ராத்திரி பொங்கும் பதத்தில் அப்படியே கொடுத்துவிடுவது. குளிர் காலத்தில் முந்தின நாள் ராத்திரியே ஆட்டுவது. யாருக்கு எத்தனை கிலோ என்று முன்னாலேயே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும், ஊறப்போடுவது அந்தக் கணக்குக்கு மட்டும். மிச்சம் என்ற பேச்சே இல்லை. வாங்குகிறவர்கள் தூக்குப்போசி கொண்டுவர வேண்டும். பாக்கெட்டும் இல்லை, சீல் போடும் மெஷினும் இல்லை. ஜிபே கோடு கதவில் ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமை தருகிறவர்களுக்கு கணக்கு நோட்டு. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை ஆன்லைனில் எடுத்தேன், அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய். எடுத்துவிடுங்கள், பக்கத்தில் ஒருத்தருக்கு வயிற்று வலி என்றாலும் முதலில் கேட்பது அந்தப் பதிவு நம்பரைத்தான்.

பாக்கெட் மாவு விற்கும் ஐடி ஃபிரெஷ் கம்பெனியும் 2005இல் பெங்களூரில் ஒரு சின்ன இடத்தில் இரண்டு கிரைண்டரோடுதான் தொடங்கியது. மளிகைக் கடையில் ரப்பர் பேண்ட் போட்ட பையில் மாவு விற்பதைப் பார்த்து வந்த யோசனை அது. எனக்கு அந்த அளவு ஆசை கிடையாது. கம்பெனியில் வாங்கிய வாரச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது, பிள்ளை கண் முன்னால் இருக்கிறான், போதும்.

யார் வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெஸ், ஹோட்டல் ஆர்டர் கையில் இருந்தால் இது ஆகாது. எங்கள் தெரு முனை மெஸ்காரர் தினம் 20 கிலோ கேட்கிறார், விடிகாலை நாலு மணிக்கு. இரண்டு டேபிள் டாப்பை வைத்து அதற்கு ஆட்டினால் ராத்திரி முழுக்கத் தூக்கம் போகும், மோட்டாரும் சேர்ந்து போகும். அவருக்கு 10 லிட்டர் டில்டிங்தான் சரி. அவர் மூன்று மாதத்துக்கு முன்பணம் தருவதாக இருந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.