சென்னை – யாழ்ப்பாணம் விமானம்: தூரம் பாதி, நேரம் அதே

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய 355 கிலோமீட்டர். பயணச்சீட்டில் காட்டும் நேரமோ ஏறத்தாழ ஒன்றே கால் மணி. கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையம் 650 கிலோமீட்டர் அளவில் இருந்தும், அங்கே போகவும் கிட்டத்தட்ட இதே நேரம்தான் ஆகிறது.

இதற்குக் காரணம் விமானத்தின் வகை. பலாலி ஓடுபாதை பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது என்பதால், இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 என்னும் சுழல்விசிறி விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் செல்லும் அது இத்தூரத்தை முக்கால் மணிக்குள் கடந்துவிடக்கூடியது. மீதி நேரம் ஓடுதளத்தில் ஊர்வதற்கும், ஏறுவதற்கும், இறங்குவதற்கும் ஒதுக்கப்படுவது. இரு நாடுகளுக்கும் ஒரே கடிகார நேரம் என்பதால், சீட்டிலுள்ள நேரத்தைக் கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை.

விமானத்துக்குள் பின்வாசல் வழியாகத்தான் ஏற வேண்டும். பக்கத்துக்கு இரண்டிரண்டு இருக்கைகள் என்பதால் நடு இருக்கையில் மாட்டிக்கொள்ளும் தொல்லை இல்லை. ஆனால் விசிறிக்கு நேரே உட்கார்ந்தால் இரைச்சலும் அதிர்வும் சற்று அதிகம், ஆகவே பின்வரிசையே மேல். இறக்கை தலைக்கு மேல் இருப்பதாலும், ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பதாலும் கீழே நன்றாகத் தெரிகிறது. இறங்கும் வேளையில் வெளிர்பச்சைக் கடலும், அதையடுத்துப் பனைகளுக்கிடையே செம்மண் தோட்டங்களும் சாளரத்தில் விரியும் சில நிமிடங்களுக்காகவே பகல் நேரப் பயணத்தைப் பரிந்துரைப்பேன். மூட்டை முடிச்சுகளோடு போகும் குடும்பங்கள் மட்டும் எடை வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. இதன் சரக்கறை சிறியது.

இச்சேவையின் உண்மையான மதிப்பு கொழும்பு வழியோடு ஒப்பிடும்போதுதான் விளங்கும். யாழ்ப்பாணம் செல்ல வேண்டியவர் அதைத் தாண்டித் தெற்கே கட்டுநாயக்க வரை பறந்து, பிறகு பேருந்திலோ ரயிலிலோ பல மணி நேரம் வடக்கே திரும்பி வருவது, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. பலாலியில் இறங்கினால் யாழ் நகரம் இருபது கிலோமீட்டருக்குள். பன்னாட்டுப் பயணம் என்பதால் சென்னையில் மூன்று மணி நேரம் முன்னதாக வந்து குடியகல்வுச் சோதனைக்கு நிற்க வேண்டியிருக்கிறது என்பது உண்மையே. காத்திருப்பு பறப்பதைவிட நீளம்!

இந்தத் தடம் புதிதும் அல்ல. 1947 டிசம்பரில் இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோன் தன் முதல் பயணத்தையே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாக மதராசுக்குத்தான் நடத்தியது. போர்க்காலம் கடந்து, 2019 நவம்பரில் இந்திய நிறுவனமான அலையன்ஸ் ஏர் மீண்டும் தொடங்கியதும், பெருந்தொற்றில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி வந்ததும் அண்மை வரலாறு. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது.

2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் இண்டிகோ பலாலிக்குப் பறக்கத் தொடங்கியது. அங்கிருந்து தொலைவு 200 கிலோமீட்டருக்கும் குறைவு, நேரம் சுமார் ஒரு மணி. தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்தவர்கள் இதற்காகச் சென்னை வரை போக வேண்டியதில்லை.