குவாண்டம் சாவிப் பகிர்வா, பிந்தைக் குவாண்டம் குறியாக்கமா?

நாகர்கோவில், தக்கலைப் பக்கம் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு இந்த இரண்டில் எது என்று குழம்புவோருக்கு. முதலாவது, ரகசியச் சாவியை ஒற்றை ஃபோட்டான்களில் (ஒளித்துகள்களில்) அனுப்பும் முறை. இரண்டாவது, குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதபடி கணிதத்தால் அமைக்கும் குறியாக்கம்:

அடிப்படை
சாவிப் பகிர்வு: ஒளியியல், குவாண்டம் இயற்பியல்.
குறியாக்கம்: நேரியல் இயற்கணிதம், எண் கோட்பாடு, சி மொழி.

செலவு
சாவிப் பகிர்வு: லேசர், குளிரூட்டிய ஒற்றை ஃபோட்டான் உணரி. உணரி பழுதானால் வேலை நின்றுவிடும்.
குறியாக்கம்: மடிக்கணினி போதும், ஊரிலிருந்தே தொடங்கலாம்.

சறுக்கும் இடம்
சாவிப் பகிர்வு: ஒளியிழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல் இழப்பு. திருவனந்தபுரம் வரை 70 கி.மீ. இழை என்று வைத்தால் 14 டெசிபெல். நூறு ஃபோட்டானில் நாலுதான் போய்ச் சேரும். வழியில் சாதாரணப் பெருக்கி வைக்கவும் வழியில்லை, தெரியாத குவாண்டம் நிலையைப் படியெடுக்க முடியாதே.
குறியாக்கம்: கணிதமே கவிழலாம். 2022-இல் ‘சைக்’ (SIKE) என்ற பிந்தைக் குவாண்டம் முறையை ஒற்றைக் கோர் கணினியில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். அதை மட்டும் நம்பி ஆய்வேடு எழுதியவர் பாடு திண்டாட்டம்தான். 2024-இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் தரமாக்கிய எம்எல்-கெம் (ML-KEM) என்ற முறை, ‘லாட்டிஸ்’ (lattice) எனும் புள்ளிப் பின்னல் கணித வகை. இப்போதைக்கு அதுவே பத்திரமான களம்.

சேர்க்கை
சாவிப் பகிர்வு: ஜெஸ்ட் (இயற்பியல் நுழைவுத் தேர்வு) எழுதி, பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிறுவனம்.
குறியாக்கம்: கேட் எழுதி, சென்னை ஐஐடி.

கருவியோடு மல்லுக்கட்டப் பொறுமை இருந்தால் முதலாவது. கல்லூரியில் ஆய்வகம் இல்லாதவர், நிரலும் கணிதமும் கைவந்தவர் இரண்டாவதற்கே போகலாம். வங்கி, மென்பொருள் வேலைக்கும் அது கைகொடுக்கும்.