மெத்தில்ஃபெனிடேட்டா, அட்டாமாக்செட்டினா: குணம் மாறும் நேரத்தைக் கொண்டு ஓர் ஒப்பீடு

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட பிள்ளைக்கு மருந்து தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லும்போது, பேச்சு பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட், அட்டாமாக்செட்டின் என்ற இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறது. எது கூடுதலாகப் பலன் தரும் என்பதற்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. 516 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆறு வார ஆய்வில், நீண்ட நேரம் செயல்படும் மெத்தில்ஃபெனிடேட் எடுத்தவர்களில் 56 சதவீதத்தினருக்கும், அட்டாமாக்செட்டின் எடுத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 24 சதவீதத்தினருக்கும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பெற்றோரின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி வேறு. மருந்து பிள்ளையின் குணத்தையே மாற்றிவிடுமோ என்ற அந்த அச்சத்துக்கு, மாற்றம் எந்த நேரத்தில் தெரிகிறது என்பதைக் கவனிப்பதே மிகவும் பயன்தரும் வழி என்று நான் கருதுகிறேன்.

மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான டோபமினும் நார்அட்ரினலினும் மீண்டும் உறிஞ்சப்படுவதை மெத்தில்ஃபெனிடேட் தடுக்கிறது. சாதாரண மாத்திரையின் வேகம் மூன்று, நான்கு மணி நேரத்தில் அடங்கிவிடும். நீண்ட நேர மாத்திரைகளில் சில பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும். ஆகவே இதன் தொல்லைகளும் கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. மருந்து உச்சத்தில் இருக்கும் முற்பகலில் பிள்ளை சிரிப்பை மறந்து, பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஒரே வேலையில் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தால், அளவு கூடிப்போயிருக்கலாம் என்று முதலில் ஐயப்பட வேண்டும். பள்ளியில் அமைதியாக இருந்துவிட்டு, மாலையில் வீடு திரும்பியதும் சின்னக் காரணத்துக்கெல்லாம் அழுது கத்தினால், மருந்து இறங்கும் நேரத்து எரிச்சலாக அது இருக்கக்கூடும். அப்போது அளவைக் கூட்டுவதா, நேரத்தை மாற்றுவதா, வேறு வகை மாத்திரைக்குப் போவதா என்று மருத்துவர் முடிவு செய்வார். இதில் பலரும் தவறவிடும் ஒரு செய்தி இருக்கிறது. இந்த மருந்து பசியை மட்டுப்படுத்துவதால் மதிய உணவு டப்பா அப்படியே திரும்பி வருகிறது. மாலைக் கோபத்தில் ஒரு பங்கு வெறும் பசியாகவே இருக்கலாம். மருந்தைக் குறை சொல்வதற்கு முன், அது இறங்கும் வேளையில் வயிறாரச் சாப்பிடக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

வயது குறையக் குறைய இந்த எரிச்சல் கூடுகிறது. மூன்று முதல் ஐந்தரை வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறத்தாழ 11 சதவீதத்தினர் பக்கவிளைவுகளால் மருந்தை நிறுத்த நேர்ந்தது. முகத் துடிப்பு, தோள் குலுக்கல் போன்ற டிக் அசைவுகளை இது கிளறிவிடும் என்ற பழைய அச்சம் மட்டும் அவ்வளவு உறுதியானதாக இல்லை. டிக் உள்ள 136 பிள்ளைகளைக் கொண்ட 2002-ஆம் ஆண்டு ஆய்வில், மெத்தில்ஃபெனிடேட் எடுத்தவர்களில் 20 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கும் டிக் அதிகரித்ததாகப் பதிவாகியது. அரிதாகச் சில பிள்ளைகள் பூச்சி, புழு, பாம்பு தெரிவதாகச் சொல்வதுண்டு. அதைக் கற்பனை என்று ஒதுக்காமல் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

அட்டாமாக்செட்டினுக்கு இப்படிக் கடிகாரம் இல்லை. நார்அட்ரினலின் மீது மட்டும் குறிவைத்துச் செயல்படும் இம்மருந்துக்கு அமெரிக்காவில் 2002-இல் ஒப்புதல் கிடைத்தது. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். மாலை இறக்கம் இல்லை. தொடக்க வாரங்களில் தூக்கக் கலக்கமும் குமட்டலும் வரலாம். இதன் உண்மையான ஆபத்து ஓசையில்லாதது. மருந்து எடுத்த 1,357 பிள்ளைகளில் 5 பேருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றியதும், வெற்று மாத்திரை எடுத்த 851 பேரில் ஒருவருக்கும் தோன்றாததும் தெரியவந்தபின், 2005-இல் அமெரிக்காவில் இதன் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை, அதாவது மிகக் கடுமையான வகை எச்சரிக்கை, சேர்க்கப்பட்டது. விகிதம் சிறியதுதான், ஆனால் கத்தி அழும் பிள்ளையின் துயரம் வீட்டுக்கே கேட்கும், இந்த எண்ணமோ கேட்டாலொழிய வெளியே வராது. முதல் சில மாதங்களிலும், அளவு மாற்றப்படும் போதும், பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசி நேராகவே கேட்க வேண்டும். ஃப்ளூவாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்தும் உடன் கொடுக்கப்பட்டால் அட்டாமாக்செட்டின் உடலில் தேங்கும் என்பதால், எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

மாலையில் பிள்ளையைக் கவனிக்க ஒருவர் வீட்டில் இருந்தால், பெரும்பாலானோருக்கு மெத்தில்ஃபெனிடேட்டில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. பிசகு விரைவில் தெரிகிறது, விரைவிலேயே விலகியும் போகிறது. உறக்கமின்மையும் பதற்றமும் முன்பே வாட்டும் பிள்ளைக்கு அட்டாமாக்செட்டின் பொருந்தலாம். இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட், கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளின் பட்டியலான எக்ஸ் அட்டவணையில் வருவதால் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. மருந்துச் சீட்டும் இரண்டு படிகளாகத் தேவை. அட்டாமாக்செட்டினுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரண்டும் ஒத்துவராதபோது, இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தான குளோனிடினையும் மருத்துவர்கள் எழுதுவதுண்டு. அது தூக்கத்தைக் கூட்டும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறக்கூடும் என்பதால், கையிலுள்ள மாத்திரை அட்டை தீரும் முன்பே அடுத்ததை வாங்கி வைத்துவிட வேண்டும்.