சுங்கை சிப்புட் இரும்புக் கடையும் என் வீட்டு ஹாலும்

கேட்டதை எடுத்துத் தரமாட்டார்கள் என்பதுதான் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் இரும்புக் கடையைப் பற்றி எல்லாரும் சொல்லும் குறை. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஐந்துக்கு நாலரை போடுகிறேன். செங்கல் சுவர் போலத் தெரியும் ஒட்டுப் பலகை ஒன்றை என் மகள் படமாக அனுப்பி, ஹாலுக்கு இதை வாங்கி ஒட்டச் சொல்லியிருந்தாள். படத்தைக் காட்டினேன். தவுக்கே, அதாவது கடையின் சீன முதலாளி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்கள் வீட்டுச் சுவரைத் தேய்த்தால் கையில் வெள்ளையாக ஒட்டுகிறதா?" என்று தமிழிலேயே கேட்டார். ஒட்டுகிறது என்றேன். "அப்படியானால் இதை உங்களுக்கு விற்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு ஆணி நிறுக்கப் போய்விட்டார்.

கடை, ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையை ஒட்டிய கடைவரிசைக்குப் பின்னால் இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. கடை முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதை முழுக்க வாளி, ரப்பர் குழாய், செம்பனை வெட்டும் அரிவாள், விளக்குமாறு. சுற்றியுள்ள தோட்டங்களுக்குத் தாத்தா காலத்திலிருந்து சாமான் கொடுத்த குடும்பம். தவுக்கேவுக்குத் தமிழ் அப்படித்தான் வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னும் '555' என்று அட்டையில் போட்ட சின்னக் கடன் புத்தகங்கள் ரப்பர் வளையம் போட்டுக் கிடக்கின்றன. ஆனால் புதுமுகத்துக்குக் கடன் கிடையாது, சிரித்துப் பேசினாலும் கிடையாது.

நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். ரவிக்கை, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங், மகாத்மா காந்தி கலாசாலைப் பிள்ளைகளின் சீருடை என்று எல்லாமே ஹாலில்தான் நடக்கும். எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் ஹால் பத்தடிக்குப் பதினான்கு அடி. மெஷின், இஸ்திரி மேசை, சாமி மேடை, தொலைக்காட்சி, அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. துணி எடுத்து வருகிற பெண்கள் முதலில் பார்ப்பது என் தையலை அல்ல, சுவரைத்தான். அடியில் முழங்கால் உயரத்துக்குச் சாயம் கொப்புளித்து உரிந்திருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே கூலியில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) குறைக்கச் சொல்வார்கள்.

ஆணி நிறுத்துவிட்டுத் திரும்பி வந்த தவுக்கே, ஈரம் மேலிருந்து இறங்குகிறதா, கீழிருந்து ஏறுகிறதா என்று விசாரித்தார். மேலிருந்து வந்தால் கூரையையோ குழாயையோ பார்க்க வேண்டும். கீழிருந்து ஏறினால் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் வெளிச்சுவரை ஒட்டி மாமியார் காலத்துப் பூப்பாத்தி இருந்தது. மண் உள்தரையைவிட உயரம். மழைத் தண்ணீரையும் நான் ஊற்றும் தண்ணீரையும் சிமெண்டுச் சுவர் உறிஞ்சி உள்ளே கொண்டுவந்திருக்கிறது. தண்ணீர் காயும்போது அதில் கரைந்து வந்த உப்பு மேற்பரப்பில் தங்கிவிடும். சாயத்தை உள்ளிருந்து தள்ளி உரிப்பது அந்த உப்புதான். அதன்மேல் எதை ஒட்டினாலும் அதற்கும் இதே கதிதான்.

ஆகவே இந்தக் கடையிலிருந்து நான் கொண்டுவந்த முதல் சாமானுக்கு விலையே இல்லை: பாத்தியை வெட்டி எடு, சாக்கடையைத் தூர் வாரு, சுவரைக் காயவிடு என்ற யோசனை. ரோஜாச் செடிகளைத் தொட்டிகளுக்கு மாற்றினேன். உரிந்ததைச் சுரண்டி, உப்பைத் தண்ணீர் படாமல் காய்ந்த தூரிகையால் கூட்டித் தள்ளிவிட்டு, ஜூன் மாத வெயிலுக்கு விட்டுவிட்டேன். நம் மக்கள் தீபாவளிக்கு முந்தின வாரம்தான் சாயம் அடிப்பார்கள். அக்டோபர், நவம்பரில் இந்தப் பக்கம் மாலையானால் இடியும் மழையும். அந்த ஈரக்காற்றில் சாயம் எப்படிக் காயும்? எனக்கோ அப்போது தைத்துக் கொடுக்கவே நேரம் போதாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன், ஜூலையில் மழையும் குறைவு, தையலும் குறைவு.

தோட்டத்தில் இருந்தபோது அப்பா, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் சுவருக்குச் சுண்ணாம்புதான் அடிப்பார். கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், ஆனால் கொப்புளித்து நான் பார்த்ததில்லை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; இப்போதைய எமல்ஷன் சாயம் அதை உள்ளேயே மூடி வைக்கும். அதனால்தான் இந்தக் காலத்துச் சுவருக்கு அடித்தளம் முக்கியம். காய்ந்த சுவருக்குச் சாயத்துக்கு அடியில் பூசும் சீலர் ஒரு பூச்சு, பள்ளங்களுக்குப் புட்டி, உப்புத்தாள், பிறகு இரண்டு பூச்சுச் சாயம். சீலர் ஐந்து லிட்டர் 62 வெள்ளி. பார்க்க ஓர் அழகும் இல்லாத வெள்ளைத் தண்ணீருக்கு இவ்வளவா என்று தோன்றும். அடித்து முடித்துச் சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள், கை சுத்தமாக இருக்கும். அந்த விலை நியாயம்தான்.

கரும்பூஞ்சை இருந்த மூலையை மட்டும் வெளுப்பான் கலந்த தண்ணீரால் முதலில் கழுவினேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தை அதோடு கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும்.

இனி நிறம். இந்த விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடையில் சாயம் கலக்கும் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள், தவுக்கேயின் மகன் ஓட்டுகிறார். அட்டையில் உள்ள சின்னக் கட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். தபால் தலை அளவுக் கட்டத்தில் இளமஞ்சளாக இருப்பது நான்கு சுவரிலும் ஏறினால் கண்ணைக் குத்தும். பையிலிருந்து ஒரு பருத்தித் துணித் துண்டை எடுத்துக் கொடுத்தேன்: சலவை செய்த வேட்டியில் இலேசாகச் சந்தனம் பட்ட நிறம். அதற்கு மிக நெருங்கிய எண்ணைத் தேடி, ஒரு சொட்டு மட்டும் கலந்து அட்டையில் தடவி, மின்விசிறியின்கீழ் காயவைத்துக் காட்டினார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு நிறம் என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. பெரிய கடைகளில் இந்தப் பொறுமையை நான் பார்த்ததில்லை.

அளவையும் கடையிலேயே போட்டார்கள். டின்னில் எழுதியிருப்பதுபோல ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். ஒன்பதடி உயரச் சுவர்களில் கதவு, ஜன்னலைக் கழித்தால் எனக்கு ஏறக்குறைய 34 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு 6 லிட்டர். ஐந்து லிட்டர் டின் 88 வெள்ளி, ஒரு லிட்டர் டின் 24 வெள்ளி. ஒரே எண்ணாக இருந்தாலும் இரண்டையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் தொட்டேன். ஒரே எண் போட்ட நூல்கண்டு இரண்டு வெவ்வேறு பெட்டியிலிருந்து வந்தால் முதுகுத் தையலில் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா, சாயமும் அப்படித்தான். நிறத்தின் எண்ணைச் சாய டின்னின் மூடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சாமி மேடைச் சுவர் தனிக்கதை. விளக்குப் புகையும் சாம்பிராணியும் படிந்த எண்ணெய்க் கறையை எமல்ஷன் மறைக்காது; எத்தனை பூச்சு அடித்தாலும் பழுப்பு மேலே கசிந்து வரும். பாத்திரம் கழுவும் சோப்பால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய் அடிப்படையிலான அண்டர்கோட் ஒரு லிட்டர் வாங்கி அந்தப் பகுதிக்கு மட்டும் பூசினேன், 26 வெள்ளி. அதோடு தவுக்கே பின்கட்டில் கிடந்த வெள்ளைத் தரை ஓடு (டைல்) ஒன்றை மூன்று வெள்ளிக்குத் தந்து, விளக்குக்கு நேர் பின்னால் நிறுத்தச் சொன்னார். இப்போது வெள்ளிக்கிழமை காலையில் அந்த டைலைத் துடைத்தால் போதும். இந்த ஹாலில் நான் செலவழித்ததிலேயே மிகவும் புத்திசாலித்தனமான மூன்று வெள்ளி அது.

மகள் கேட்ட செங்கல் பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் வீட்டில் அதை ஒட்டியிருக்கிறார்கள், இணையத்தில் வாங்கியது. படத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அது நுரைப் பிளாஸ்டிக். வெளிப்புறச் சுவரில் ஒட்டியது ஓரம் தூக்கிக்கொண்டது, பின்னால் பூஞ்சை. உட்சுவரில் ஒட்டியது இன்றும் அப்படியே நிற்கிறது. ஆகவே காய்ந்த உட்சுவருக்கு அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சாமி மேடைக்கோ அடுப்புக்கோ பக்கத்தில் மட்டும் கூடவே கூடாது, நுரை தீப்பிடிக்கும் பொருள்.

தரைக்கும் இதே நியாயம்தான். பின்பக்கம் பசை தடவிய வினைல் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் நேரே மண்ணின்மேல் போட்ட பழைய சிமெண்டுத் தரையில் ஈரம் ஏறினால் பசை விட்டுவிடும். சோதிப்பது எளிது: ஒரு சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு ஓரத்தையும் நாடாவால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது தாளின் அடியில் வியர்வை முத்து இருந்தால் பசைத் துண்டு வேண்டாம். என் தரையில் இருந்தது. ஒட்டாமல் விரிக்கும் ரப்பர் பாயை அடிக்கணக்கில் வெட்டித் தந்தார்கள், அடி ஏழு வெள்ளி. இடையிடையே சுருட்டித் தரையைக் காயவைக்கிறேன். தையல்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: புள்ளி போட்ட பாய் வாங்காதீர்கள், விழுந்த குண்டூசியைக் கண்டுபிடிக்க முடியாது.

சீலிங்கைத் தொடவில்லை. பழைய மலிவுவிலை வீடுகளின் சீலிங் தகட்டிலும் கூரையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும் என்று தவுக்கே எச்சரித்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ துளைத்தாலோ அதன் நார் மூச்சில் போகும். ஈரத்துணியால் சிலந்திவலையைத் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். மகளுக்கு அங்கே தொங்குவிளக்கு மாட்ட ஆசை. மாட்டவில்லை.

ஹாலின் மின்விளக்கை மாற்றியதுதான் என் தொழிலுக்கு வந்த பெரிய லாபம். முன்பிருந்தது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். அதில் கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றாகத் தெரியும், வாசலுக்கு எடுத்துப்போய்த்தான் பார்க்க வேண்டும். 6500 நீலம் தட்டும், இரவில் தலை வலிக்கும். 4000 எடுத்தேன். பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 100 உச்சம், சாதாரண விளக்குகள் 80 அளவில் நிற்கும். 90க்கு மேல் போனால் பட்டுச் சேலையின் சிவப்பு சிவப்பாகவே தெரியும். இந்தக் கடையில் அந்த வகை இல்லை, வரவழைத்துத் தந்தார்கள். இரண்டு விளக்கு 30 வெள்ளி.

எல்லாம் சேர்த்து நானூறு வெள்ளிக்குள் முடிந்தது. சாயம் அடிக்க வந்து பார்த்துவிட்டுப் போனவர் கூலி மட்டும் அதைவிட அதிகமாகக் கேட்டார்.

அரை மதிப்பெண்ணை எங்கே குறைத்தேன்? எந்தச் சாமானிலும் விலை ஒட்டியிருக்காது. தவுக்கே முகத்தைப் பார்த்துச் சொல்கிறாரோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. நான்கு வெள்ளித் தூரிகை மயிர் கொட்டுகிறது. சுவரில் ஒட்டிக்கொண்ட மயிரை நூல்கத்தரி நுனியால் பிடுங்கினேன். உருளையும் நாடாவும் மிஸ்டர் டிஐஒய் கடையில் வாங்கினேன், அங்கே விலை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 2005இல் கோலாலம்பூரில் ஒற்றைக் கடையாகத் தொடங்கியவர்கள், இப்போது இல்லாத ஊர் இல்லை. சின்னச் சாமானுக்கு அவர்கள், யோசனைக்கு இவர் என்று பிரித்துக்கொண்டேன்.

கலந்த சாயத்தைத் திருப்பி எடுக்கமாட்டார்கள், நினைவிருக்கட்டும். சீனப் பெருநாளுக்குக் கடையை நெடுநாள் பூட்டிவிடுவார்கள். தவுக்கே கலவை இயந்திரத்தைத் தொடுவதில்லை. மகன் பிற்பகலில்தான் கடைக்கு வருவார். நிறம் கலக்க வேண்டுமென்றால் அதற்குப்பின் போங்கள், துணித் துண்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், இஸ்திரி போட்டது என்றால் இன்னும் நல்லது.