வாடகை பைக்கில் காட்டுப் பாதைக்குக் கிளம்புகிறீர்களா? கையெழுத்துக்கு முன்னால் இதைப் படியுங்கள்

தப்பில் பாதி எங்களுடையது. ‘எல்லாப் பொருள்களையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்’ என்ற வரிக்குக் கீழே எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான். மீதிப் பாதி வாடகைக் கடைக்காரர்களுடையது, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நானும் கணவரும் ஆளுக்கொரு பைக்கில் ஐந்து நாள், தார்ச்சாலையை முடிந்தவரை தவிர்த்து, கிராமங்கள் வழியாக மண் பாதையில் போய், இருட்டும் இடத்தில் கூடாரம் போடுவதாகத் திட்டம். பைக், கூடாரம், ஸ்லீப்பிங் பேக், பஞ்சர் ஒட்டும் சாமான் என்று எல்லாம் சேர்த்து ஒரே வாடகைக்குத் தருகிறோம் என்றார்கள். ‘ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி’ என்று விளம்பரம். படத்தில் இருந்ததெல்லாம் புத்தம்புது பட்டன் டயர், அதாவது மண்ணைக் கவ்வ ரப்பர் மேடுகள் துருத்தி நிற்கும் டயர்.

வண்டி எடுக்கச் சொன்னது கடை மூடும் நேரத்தில். அந்த நேரத்தை நாங்கள் கேட்கவில்லை, அவர்களே குறித்துக் கொடுத்தது. அதில் ஒரு கணக்கு இருந்திருக்குமோ என்று இப்போதுதான் தோன்றுகிறது. வெளிச்சம் இல்லை, அவர்கள் சாவியை ஆட்டிக்கொண்டே நிற்கிறார்கள். சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம்.

காலையில் பார்த்தோம். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. என் பின் டயரில் 2314, அதாவது 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன்கள் உயரமாகவே இருந்தன, அதனால்தான் இருட்டில் ஏமாந்தோம். அதிகம் ஓடாமல் கிடந்தே வயதான டயர் அது. ரப்பர் கல்லாக இறுகி, பட்டன்களின் அடியில் மயிரிழை வெடிப்பு. ஈரக் களிமண்ணில் பின் சக்கரம் போன போக்குக்குப் பின்னால் நான் போனேன், அவ்வளவுதான்.

கணவரின் பைக்கில் செயின். பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்பக்கம் செயினைப் பிடித்து வெளியே இழுத்தால் அசையக் கூடாது. பாதிப் பல் தெரிகிற அளவு விலகினால் செயினின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். இவருடையதில் பல் தாராளமாகவே தெரிந்தது. பல்லின் நுனிகளும் ஒரே பக்கம் கொக்கிபோல் வளைந்திருந்தன.

கூடாரத்தைப் பிரித்ததும் ஒரு புளித்த வாடை. உள்பூச்சு பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பாலியூரித்தேன் பூச்சு இப்படித்தான் கெட்டு உரிந்து வரும். தையல்மேல் ஒட்டிய நாடாவும் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் ‘3000 மி.மீ. நீர்த் தாங்குதிறன்’ என்று அச்சிட்டிருந்தார்கள். புதிதாக இருந்தபோது தாங்கியிருக்கலாம். இரண்டாம் நாள் இரவு மழையில் தலைமாட்டில் குளம்.

ஸ்லீப்பிங் பேக்கில் வேறு மாதிரி ஏமாற்று. பட்டியலில் ஒரே ஒரு வெப்பநிலை போட்டிருந்தார்கள். உள்ளே தைத்த சீட்டில் மூன்று எண்கள். ‘கம்ஃபர்ட்’ என்பது ஒரு சராசரிப் பெண் குளிராமல் தூங்கும் அளவு, ‘லிமிட்’ ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு, ‘எக்ஸ்ட்ரீம்’ உயிர் மட்டும் மிஞ்சும் அளவு. பட்டியலில் இருந்தது அந்த மூன்றாவது எண். நான் நடுங்கியபோது இவர் குறட்டை விட்டதற்குக் காரணம் அந்தச் சீட்டிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் முன் சக்கரம் பஞ்சர். ‘மண்ணில் போகிறீர்கள், காற்றைக் குறைத்தே வைத்திருக்கிறோம்’ என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினார்கள். வெறும் வண்டிக்கு அது சரி. மூட்டை முடிச்சோடு கல் பாதையில் அதே அளவு காற்றில் ஓட்டினால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். எனக்கு அதுதான் விழுந்தது. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18. பையில் இருந்த மாற்று ட்யூப் 18 மட்டும். 21 அங்குல ட்யூப் ஒன்று இருந்தால் அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் மடித்துத் திணித்துவிடலாம், ஆகவே ஒன்றுதான் வைப்பது என்றால் பெரியதை வையுங்கள். சரி, ஒட்டலாம் என்று பார்த்தால் சொல்யூஷன் (பஞ்சர் ஒட்டும் பசை) ட்யூப் ஏற்கெனவே திறந்தது. உள்ளே காய்ந்து கோந்துக் கட்டியாக இருந்தது.

போன் செய்தேன். “அதெல்லாம் ஓட்டும்போது வர்ற தேய்மானம், மேடம். உங்க பொறுப்பு.” அப்புறம் எடுக்கவே இல்லை. ட்ராக்டரில் வந்த ஒருவர் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு போய் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இதையெல்லாம்கூட மறந்திருப்பேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று கடைக்காரர் டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கொடுக்கும்போது இல்லாத டார்ச் அன்றைக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. வளைந்த க்ளட்ச் லீவர், கீறிய என்ஜின் கார்ட், ‘சேதமான’ கூடாரம் என்று டெபாசிட்டில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டு தடவை விழுந்தது உண்மை, இரண்டும் வலப்பக்கம். க்ளட்ச் லீவர் இருப்பது இடப்பக்கம். முதல் நாள் காலை, கிளம்பும் முன் இவர் என்னை விளையாட்டாக எடுத்த ஒரு படத்தில் அந்த லீவர் ஏற்கெனவே வளைந்தே இருந்தது. படத்தைக் காட்டியதும் லீவர் கணக்கை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். மற்றவற்றுக்கு என்னிடம் படம் இல்லை.

கார்டில் கட்டிய பணம் என்பதால் வங்கியில் ஆட்சேபம் கொடுத்திருக்கிறேன். அதற்காக ரசீதை மறுபடி வரிவரியாகப் படித்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. காய்ந்துபோன அந்தச் சொல்யூஷன் ட்யூபை நாங்கள் திருப்பித் தரவில்லையாம். அதற்கும் ஒரு தொகை பிடித்திருக்கிறார்கள்.