அம்மாவின் துடிப்பு நோட்டு: அப்லேஷனுக்குப் பிறகு 3 வருடம்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோய். படபடப்பு வந்தால் 8 மணி நேரம் விடாது, மாதம் இரண்டு மூன்று தடவை. 2022 ஆகஸ்டில் கோவையில் கேதீட்டர் அப்லேஷன் செய்தோம். தொடையிடுக்கு வழியாகக் குழாய் விட்டு, நுரையீரலிலிருந்து வரும் சிரைகளின் வாயைச் சுற்றிச் சுடுகிறார்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் தாறுமாறான மின்துடிப்பு கிளம்புகிறது. வீடு வந்ததும் கையடக்க ஈசிஜி கருவி ஒன்று வாங்கினேன்.

இரண்டு தகட்டிலும் விரல் வைத்து 30 விநாடி அசையாமல் இருக்க வேண்டும். எங்கள் குளிரில் அதுதான் பாடு. ஜனவரிக் காலையில் விரல் விறைத்து, கோடு முழுக்கக் கிறுக்கலாக வரும். இப்போது அம்மா டீ டம்ளரை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டுத்தான் வைப்பார். கோடு சுத்தமாக விழுகிறது.

19ஆம் நாள் ராத்திரி மறுபடி படபடப்பு. எல்லாம் வீணாகிவிட்டதென்று அழுதேன். சுட்ட இடம் ஆறும்வரை இப்படி வரலாம், முதல் 3 மாதத்தைத் தோல்வியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்றார் டாக்டர். (2024இல் வந்த சர்வதேச நிபுணர் அறிக்கையில் அதை 8 வாரமாகக் குறைத்துவிட்டார்கள்.) இதை டிஸ்சார்ஜ் அன்றே யாராவது சொல்லியிருக்கலாம்.

போன் மாற்றியபோது செயலியில் இருந்த 8 மாதப் பதிவும் போய்விட்டது. நோட்டில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம்.

14ஆம் மாதம் ஒரு ஞாயிறு, கோடு ஒழுங்கில்லாமல் வந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே, இலை பறிச்சுட்டு இப்பதானே வந்தேன்" என்றார் அம்மா. தொந்தரவே தெரியாமலும் வரும் என்று அன்றுதான் புரிந்தது. உடம்பு நன்றாக இருக்கிற நாளிலும் பதிவு எடுங்கள். பிறகு, துடிப்பை விடாமல் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை 7 நாள் மாட்டினார்கள். இரண்டு தடவை வந்திருந்தது, அதிகபட்சம் 40 நிமிடம். 30 விநாடி தாண்டினாலே ஆய்வுக் கணக்கில் 'திரும்ப வந்தது'தான். ஆனால் டாக்டர் பழைய 8 மணி நேரத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி அப்லேஷன் இப்போது வேண்டாம் என்றார்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தக் கேட்டோம். அதை வயது, பிரஷர், சர்க்கரையை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம், துடிப்பு சரியானதை வைத்து இல்லை. அம்மாவுக்கு 71, பிரஷரும் உண்டு. மாத்திரை தொடர்கிறது. நேற்றைய பதிவு: காலை 6.40, துடிப்பு 68, சீர்.