வாசல் கேமராவோடு இரண்டரை வருடம்

சிங்கப்பூரில், ஈசூன் வீட்டு வாசலில் கேமரா மாட்டி இரண்டரை வருடமாகிறது. தாழ்வாரத்தைப் பார்த்தபடி நம் வீட்டில் கேமரா வைக்க 2023 மே மாதத்திலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமோ (வீவக) நகர மன்றத்திடமோ அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்தவர் கதவையோ சன்னலையோ பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் கைபேசியில் படத்தைக் காட்டி, அவர் கதவு வரவில்லை என்று அவரே சொன்ன பிறகுதான் ஸ்க்ரூவை முடுக்கினேன்.

முதல் மாதம் பகல்தான் தலைவலி. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வெளுத்த வானம், இந்தப் பக்கம் ஆள். வருகிறவர்கள் எல்லோரும் கரிக்கட்டையாகத் தெரிந்தார்கள். பிரைட்னஸை ஏற்றினால் சுவர் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனதே தவிர, முகம் தெளியவில்லை. டபிள்யூடிஆர் அப்புறம்தான் கண்ணில் பட்டது. வெளிச்சத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என்று வெவ்வேறு அளவில் படமெடுத்துச் சேர்த்துத் தருகிற வசதி அது. 50இல் வைத்தேன், சரியானது. 100க்குத் தள்ளினால் படம் முழுக்கச் சாம்பல் பூசிவிடுகிறது.

தாழ்வார விளக்கு எரிந்ததும் படத்தில் பட்டை பட்டையாக ஓடியதற்கு மருந்து இன்னும் சுலபம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமரா 60இல் இருந்தது. மாற்றினேன், நின்றது.

இரவுதான் என்னை ஏமாற்றியது. புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியக்கூடாது என்று நாய்ஸ் ரிடக்‌ஷனை உச்சத்தில் வைத்து, ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்குகிற நேரத்தை, 1/12 நொடியில் வைத்திருந்தேன். படம் கண்ணாடி மாதிரி. கோலப் புள்ளிகளை எண்ணலாம். போன தீபாவளிக்கு முந்திய வாரம் விடிகாலை மூன்று மணிக்கு என் புதுச் செருப்பு காணாமல் போனது. பதிவைப் போட்டால், புகை மாதிரி ஓர் உருவம் வந்து குனிந்து போகிறது. அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோலம் தெரியுது, செருப்பு தெரியுது, எடுத்தவன் மூஞ்சியை மட்டும் காணோமே."

கணக்குப் போட்டால் புரிகிறது. சாதாரண நடையிலேயே ஆள் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் போகிறார். 1/12 நொடியில் கிட்டத்தட்ட 10 செ.மீ. நகர்ந்துவிடுகிறார், முகம் இழுபட்டுப் போகிறது. 1/50இல் அது இரண்டரை செ.மீ.கூட இல்லை. நாய்ஸ் ரிடக்‌ஷன் முந்தைய படங்களையும் சேர்த்துச் சராசரி பார்ப்பதால், நகர்கிற ஆளுக்கு வால் வேறு முளைக்கிறது.

ஷட்டரை 1/50 ஆக்கி, நாய்ஸ் ரிடக்‌ஷனை 40க்குக் குறைத்து, தங்கை கணவரை இரவு பதினொரு மணிக்கு நடக்கவிட்டுப் பார்த்தேன். "மச்சான், இன்னும் எத்தனை நடை?" என்று ஆறாவது தடவை கேட்டார். ஏழாவதில் மூக்கு தெரிந்தது. நிற்கிற படத்தைப் பார்த்து செட்டிங் வைப்பவர்கள் எல்லோரும் என்னை மாதிரி செருப்பைத் தொலைப்பார்கள்.

அதே வாரம் இருட்டில் படமெடுக்கக் கேமராவிலேயே இருக்கும் அகச்சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டேன். பக்கத்து வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி, படத்தில் பாதியை வெளுக்கடித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு லென்ஸ் முன்னால் கட்டிய சிலந்தி வலை அதில் பளபளக்க, ராத்திரி முழுக்க அலாரம். விடிய விடிய எரிகிற தாழ்வார விளக்கே வண்ணப் படத்துக்குப் போதும்.

ஒரு குறை உண்டு. இரைச்சல் கூடினால் பதிவின் அளவும் கூடுகிறது. முன்பு மெமரி அட்டையில் பன்னிரண்டு நாள் பதிவு தங்கும், இப்போது ஒன்பதுதான்.